ஆறுவிரல் கடையின் வாரிசு

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மகாராஜனின் கமிஷன் கடைக்குப் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அதை வாசித்து அடையாளம் கண்டு யாரும் வந்ததாக எனக்குத் தெரியாது. குருவிகுளம் பக்கத்திலிருந்து மல்லிகைக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் ‘ஆறுவெரல் கடை’ என்றுதான் கேட்பார்கள். மகாராஜனின் வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல் உண்டு. எலும்பும் நகமும் உள்ள விரல். சுண்டுவிரலைவிடச் சற்றுக் குட்டை. அதை அவரால் தனியாக மடக்க முடியாது. சுண்டுவிரல் மடங்கினால் கூடவே அதுவும் மடங்கும். விரலுக்கு அவ்வளவுதான் வேலை. மற்ற வேலையெல்லாம் ஊர் கொடுத்தது.

காலையில் வருகிற முதல் கூடையில் அவர் கையைவிட்டு ஒரு பிடி பூ அள்ளித் தராசில் போட வேண்டும். அதுதான் போணி. அந்தக் கை பட்டால் அன்றைக்கு விலை இறங்காது என்பது பூ விவசாயிகளின் நம்பிக்கை. கல்யாண வீட்டார் மாலையை வேறு கடையில் கட்டச் சொல்லிவிட்டு, வாங்கிப் போகும்போது இங்கே வந்து அவர் கையில் ஒருமுறை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். கடையைத் தொடங்கிய தாத்தாவுக்கும் அந்த விரல் இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது. மூன்று தலைமுறையாகக் கடையின் முதலீடு அதுதான் என்று மகாராஜன் சொல்வார்.

பூ வியாபாரிகள் சங்கத்தில் தினசரி விலையை எழுதிவைக்கும் வேலையை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான். ஆறுவிரல் பட்ட கூடைக்கும் படாத கூடைக்கும் விலையில் வித்தியாசம் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது சங்க வேலையில் சேராது. மகாராஜன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர்; ஆகவே கடைக்கு வெளியே நடந்தவற்றையும் ஓரளவு அறிவேன். பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுகிறேன்.

மகாராஜனின் மனைவி கோமதியம்மாள், அவருடைய சொந்த அத்தை மகள். முதல் பிரசவத்தில் பெண் குழந்தை. சங்கரேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய இடது கையில் ஆறாவது விரல் இருந்தது. அப்பாவுடையதைப் போல எலும்புள்ள விரல் இல்லை. சுண்டுவிரலின் அடியில் ஒரு காம்பில் மொட்டு தொங்குவது போல இருந்தது. மகாராஜனுக்கும் அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதிர்ஷ்டமாக இருந்த அதே விரல், பெண் கையில் வந்ததும் குறையாகிவிட்டது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று, பிறந்த பிள்ளை கண்ணைத் திறப்பதற்குள் கவலைப்பட்டார்கள்.

அப்போது பஸ் நிலையத்துப் பக்கம் ஜட்கா வண்டிகள் இரண்டு மூன்று மிச்சமிருந்தன. ஒரு குதிரையின் வால்முடி வாங்கிவந்தார்கள். மருவுக்குக் கட்டுவது போல விரலின் காம்பில் இறுக்கிக் கட்டிவிட்டால் ரத்தம் போகாமல் கறுத்து, காய்ந்து, தானே விழுந்துவிடும். யார் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே முடிவாக மகாராஜனைச் சொன்னார்கள். கைராசிக்காரர் கட்டினால் நல்லபடியாக விழும். அப்படியே விழுந்தது. ஆறு விரல் உள்ள கை, ஆறாவது விரலுக்குச் சுருக்குப் போட்டதை நான் நேரில் பார்த்தேன். முடிச்சு போடும்போது அவருடைய குட்டிவிரல் குறுக்கே வந்து இடைஞ்சல் செய்தது; அதை விலக்கிக்கொண்டு கட்டினார். சங்கரேஸ்வரியின் கையில் மிளகு அளவுக்கு ஒரு தடிப்பு மட்டும் மிஞ்சியது.

மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். சந்தையிலிருந்து ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்குப் போனது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைப் பார்த்தார்கள். வலதில் ஐந்து, இடதில் ஐந்து. போணிக்கு வந்து விலை படியாமல் திரும்புகிறவர்களைப் போலத் திரும்பினார்கள். மகாராஜன் இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கோமதியம்மாள்தான் அவரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் கண்ணைக் காட்டினார். கண்மணி தேன் நிறம். சில மாதங்களில் அது பச்சை கலந்த பூனைக்கண்ணாகத் தெளிந்தது.

மகாராஜனுக்கும் கறுப்பு விழிதான்; கோமதியம்மாளுக்கும் கறுப்பு விழிதான். மகாராஜனின் அப்பாவுக்கும் அப்படி, அத்தைக்கும் அப்படி. ஆனால் அவர்கள் இருவரையும் பெற்ற பார்வதியம்மாளுக்குப் பூனைக்கண் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு தலைமுறை காணாமல் போயிருந்த கண் திடீரென்று மகன் ஆனந்த்சங்கரின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. இதிலிருந்து மகாராஜன் ஒரு கணக்கைப் போட்டார். கண் ரெண்டு தலைமுறை ஒளிந்திருந்து வரும் என்றால், விரல் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து வராதா? மகனிடம் அது உள்ளே இருக்கிறது; பேரனிடம் வெளியே வரும். கணக்கில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கடையில் கேட்டவர்களிடமெல்லாம் “ஒளிஞ்சு வருதான்” என்றே சொல்லிவந்தார், ஏதோ போலீஸ் தேடுகிற ஆளைப் பற்றிச் சொல்வது போல.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். சங்கரேஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைக்கு ஓடிவந்து, எந்த ஊர்க்கூடை எது, எது முந்தின நாள் பறித்த பூ என்று மூக்கிலேயே சொல்லுவாள். பெரியவளானதும் சந்தைக்கு வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆனந்த்சங்கர் பட்டம் படித்துவிட்டுக் கடைக்கு வந்தான். நல்ல பையன். மின்தராசு வாங்கியவன் அவன்தான். கேரள வியாபாரிகளுக்குப் போனிலேயே விலை அனுப்பிப் பூவை ஏற்றிவிட்டவனும் அவன்தான். ஆனால் விவசாயிகள் அவன் முன்னால் கூடையை இறக்கமாட்டார்கள். அவன் கையை நீட்டினால், “பொறு தம்பி, அண்ணாச்சி வரட்டும்” என்பார்கள். பூனைக்கண்ணுக்கு ராசி உண்டா என்று எவரும் விசாரிக்கவில்லை.

மகாராஜனுக்கு அறுபது வயது கடந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. போணிக்கு அள்ளுகிற பூவில் பாதி கீழே சிந்தியது. “ஒங்களுக்குப் பொறவு யாரு அண்ணாச்சி?” என்று கூடைக்காரர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் நாற்காலி போட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார். விரல் போனால் கடையும் போகும் என்பது மகாராஜனுக்கு நிச்சயமாகிவிட்டது. மகனிடம் ஒளிந்திருப்பதை வெளியே இழுக்க அவர் ஒரு வழி கண்டார். மகனுக்கு ஆறுவிரல் உள்ள பெண்ணைக் கட்டிவைத்துவிட்டால்?

கல்யாணத் தரகர் காந்திமதிநாதனைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். அதற்குத் தான் சொன்னதைத் தரகரே என்னிடம் திருப்பிச் சொன்னார்.

“அண்ணாச்சி, கொறைய மறைச்சுக் கல்யாணம் முடிச்சுக் குடுத்துத்தான் எனக்குப் பழக்கம். கொறை எங்க இருக்குன்னு தேடிப் போய்ப் பழக்கமில்ல.”

இருந்தாலும் தேடினார். குருவிகுளம் தாண்டி ஒரு மானாவாரிக் கிராமத்தில், நிலபுலம் உள்ள வசதியான சம்சாரி வீட்டில், பெண்ணுக்குப் பிறவியில் ஆறு விரல் இருந்ததாக ஒரு தகவல் வந்தது. பெண் பார்க்கப் போனவர்களில் நானும் உண்டு. கேசரி சாப்பிட்டோம். பெண்ணும் நல்ல பெண்; தபால் ஆபீஸில் வேலை. மகாராஜன் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பித் தட்டைப் பிடித்திருந்த கைகளையே பார்த்தார். இடது சுண்டுவிரலின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு தடிப்பு இருந்தது. அவர் ஒரு நொடியில் கண்டுகொண்டார். கண்டுகொள்ளாமல் என்ன? அதே மாதிரி ஒன்றைத் தன் கையால் செய்தவர்.

“இங்கன ஒண்ணு இருந்துச்சோ தாயி?” என்று சந்தோஷமாகக் கேட்டார்.

பெண்ணின் தாயார் சட்டென்று மகளின் கையை முந்தானையால் மூடினார். மரு என்றார். தகப்பனார் எழுந்து நின்றார். மகாராஜன் தன் வலது கையை விரித்துக் காட்டி, தான் குறை சொல்ல வரவில்லை, அது வேண்டும் என்றுதான் வந்திருப்பதாக விளக்கினார். விளக்க விளக்க அது கேலியாகவே போய்ச் சேர்ந்தது.

“வே, எங்க பிள்ளைக்கு அப்படி ஒண்ணு இருந்ததே கெடையாது. எழும்பும் வே” என்றார் தகப்பனார்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தோம். அந்த வீட்டார் பொய் சொன்னதில் மகாராஜனுக்கு அளவில்லாத கோபம். பெற்ற பிள்ளையின் விரலைக் கட்டிப் போட்டுவிட்டு இல்லவே இல்லை என்று சாதிக்கிறார்களே, இப்படியும் ஜனங்கள் உண்டா என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சங்கரேஸ்வரியை வாசுதேவநல்லூரில் அருண்குமாருக்குக் கட்டிக் கொடுத்தபோது, அவள் கையில் இருந்ததையும் மரு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் ஆனந்த்சங்கருக்கு ராஜபாளையத்திலிருந்து மாலா என்ற பெண் அமைந்தாள். பத்து விரல். முதலில் ஒரு பையன் பிறந்தான், பிறகு இன்னொரு பையன். இருவருக்கும் கைக்கு ஐந்து. இரண்டாம் பேரனின் கையை மகாராஜன் இரண்டு தடவை எண்ணினார். “விடுங்கப்பா, எண்ணினா கூடவா போகுது” என்று ஆனந்த்சங்கர் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கேட்பது என்று முடிவானது. டாக்டர் பகவதி இந்த ஊர்க்காரர்; தமிழ் வழியில் படித்து மேலே போனவர். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்று மகாராஜன் என்னையும் கூட்டிப் போனார்.

டாக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். உடம்பின் ஒவ்வொரு அடையாளத்துக்கும் நம்மிடம் இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது. நம் பிள்ளைக்கு நாம் கொடுக்கும்போது அந்த இரண்டில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது காசு சுண்டிவிடுகிற மாதிரி. இதில் சில குறிப்புகள் ஓங்கியவை: இரண்டில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். சில ஒடுங்கியவை: இரண்டும் ஒன்றுபோல் அமைந்தால்தான் தெரியும்; ஒன்று மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும், தலைமுறை தலைமுறையாகக்கூட.

பூனைக்கண் இரண்டாவது வகை. கண் நிறத்தில் இதைவிடச் சிக்கல்கள் உண்டு, உத்தேசமாக இப்படி வைத்துக்கொள்ளலாம் என்றார். பார்வதியம்மாளின் குறிப்பு அவருடைய மகன் வழியாக மகாராஜனிடம் ஒன்று வந்தது. மகள் வழியாகக் கோமதியம்மாளிடம் ஒன்று வந்தது. ஒன்று ஒன்றாக இருந்ததால் இருவர் கண்ணிலும் தெரியவில்லை. அத்தை மகளைக் கட்டியதால் ஒரே பாட்டியின் இரண்டு குறிப்புகளும் ஆனந்த்சங்கரிடம் போய்ச் சந்தித்துக்கொண்டன. விரல் அப்படி இல்லை. அது முதல் வகை.

“அப்பம் வெரல் உள்ள ஒளிஞ்சிருக்காதா டாக்டரம்மா?”

“ஒண்ணு இருந்தாலே வெளிய வந்துரும் ஐயா. உங்க மகன் கையில இல்லைன்னா, அது அவருக்கு வரவே இல்லைன்னு அர்த்தம். தன்கிட்ட இல்லாததை அவர் பிள்ளைக்கு எங்க இருந்து குடுப்பார்?”

“எப்பமாவது ஒண்ணு ரெண்டு ஒளியாதா?”

“ரொம்ப அபூர்வமா, இருந்தும் தெரியாமப் போறது உண்டு. அதை நம்பி உட்கார முடியாது.”

‘அபூர்வமா’ என்ற சொல்லை அடிக்கோடு போடும்படி மகாராஜன் என்னிடம் சொன்னார். போட்டேன்.

டாக்டர் விடவில்லை. வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் உண்டு, அவளுக்கு இருந்தது, குதிரைமுடி கட்டி அப்போதே விழுந்துவிட்டது என்று, தீர்ந்துபோன விஷயத்தைச் சொல்லும் குரலில் மகாராஜன் சொன்னார்.

“விழுந்தது வெரல்தான் ஐயா” என்றார் டாக்டர். “குறிப்பு அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கு. அவங்க பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

இதையும் எழுதினேன். இதற்கு அடிக்கோடு போடச் சொல்லவில்லை.

சங்கரேஸ்வரிக்கு ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான். அவன் பிறந்தபோது அடுத்த வீட்டுப் பிள்ளை என்று இவர் விரலை எண்ணக்கூடப் போகவில்லை. ஐந்துதான் என்பது பிற்பாடு தெரிந்தது. இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். அந்த வாரமே மகாராஜன் மாம்பழக் கூடையோடு வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பொங்கல்படிச் சீர் கொடுப்பதற்குத் தவிர அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. அதற்கப்புறம் வாரம் தவறாமல் போனார். மகளுக்கே சந்தேகம் வந்து, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதா என்று கோமதியம்மாளிடம் போனில் கேட்டாளாம்.

பிரசவத்துக்கு அவளைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கோமதியம்மாள் வெளியே வந்து இரண்டு வாக்கியம் சொன்னார்.

“பொட்டப்பிள்ள. வெரல் இருக்கு.”

எந்த வாக்கியத்துக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மகாராஜனுக்குத் தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இடது கை, தாயாருக்கு இருந்தது போலவே காம்பில் ஒரு மொட்டு. டாக்டர் பகவதி அதில் எதையும் கட்டக்கூடாது, சீழ் பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே விட்டுவிடலாம், எடுப்பதென்றாலும் பிற்பாடு முறையாக எடுக்கலாம்.

அருண்குமாரின் தாயார் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்தார். மருமகளின் கையைப் பார்த்தார். மரு என்று சொல்லப்பட்டது எது என்பதை அந்த இடத்திலேயே புரிந்துகொண்டார். சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மாள் காரியக்காரி. அடுத்த முறை வரும்போது, எங்கோ கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் வால்முடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். என்னை நாள்காட்டியோடு கூப்பிட்டு நல்ல நேரம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்துச் சொன்னேன். நல்ல நேரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

“மூடி வச்சதப் பத்தி நான் ஒண்ணும் பேசல அண்ணாச்சி” என்றார் அந்த அம்மாள். “ஒங்க மகளுக்கு நீங்க கெட்டினது நல்லாத்தான விழுந்திருக்கு. இதுக்கும் ஒங்க கையாலேயே கெட்டிருங்க. கைராசிக்காரரு.”

குதிரைமுடி மகாராஜனின் கைக்கு வந்தது. கூடத்தில் அவர் மனைவி, மகன், மருமகள் மாலா, மருமகன் அருண்குமார், சம்பந்தியம்மாள், நான். பாயில் சங்கரேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். மூன்று தலைமுறைக் கடைக்கு மகாராஜனுக்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே விரல் துணிக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முடியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

டாக்டர் வேண்டாம் என்கிறாரே என்று மெதுவாக ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் டாக்டரைக் கேட்டா கட்டினீர்கள் என்று சம்பந்தியம்மாள் கேட்டார். பிறகு மகாராஜன், இப்போது காலம் மாறிவிட்டதென்றார். பெண்பிள்ளைக்கு ஆகாது என்று அன்றைக்குச் சொன்னது இதே வீடுதானே என்று அதற்கும் பதில் வந்தது. சங்கரேஸ்வரி பிள்ளையின் இடது கையை எடுத்து அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

“கெட்டுங்கப்பா. கெட்ட மாட்டியன்னா, எனக்கு ஏன் கெட்டினியன்னு சொல்லிருங்க.”

மகாராஜன் முடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இது என் கைக்குக் கெட்ட வராது” என்றார்.

“அன்னைக்கு வந்துச்சே அண்ணாச்சி?” என்றார் சம்பந்தியம்மாள்.

“அன்னைக்கு அது எதுன்னு தெரியாமக் கெட்டிட்டேன்.”

அவர் வாழ்க்கையில் இதற்குமேல் பெரிய மன்னிப்பு எதையும் யாரிடமும் கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை. உடனே அதைக் கெடுத்தும்விட்டார். விரல் கடைக்கு வேண்டும், பிள்ளையை நாங்களே வளர்த்துக்கொள்கிறோம் என்றார். சம்பந்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த பிள்ளையைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை.

“அது வளந்து கடைக்கு வர இன்னும் இருவது வருசம் ஆகும். அதுவரைக்கும் போணி யாரு பண்ணுவா? ஒங்க கை நடுங்குது. நான் வாரேன்.”

“ஒனக்கு வெரல் இல்லியே மக்கா.”

“யாரால இல்ல?”

ஆனந்த்சங்கர் முதல் ஆளாக எழுந்து, அக்கா வரட்டும், நான் கேரள லோடைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பிறந்த நாளிலிருந்து தன் கையை அனுதாபத்தோடு பார்த்தவர்களிடமிருந்து விடுதலை கிடைத்தவனின் முகம் அவனுக்கு. அருண்குமாருக்கு வேலை சங்கரன்கோவில் மின்வாரிய அலுவலகத்தில்தான். தினமும் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். இங்கேயே வீடு பார்த்தால் பஸ் மிச்சம் என்றார். அவருடைய தாயார் ஒருவர்தான் ஒப்பவில்லை. பிள்ளையின் விரலுக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். குதிரைமுடியை ஞாபகமாகத் திருப்பிக் கேட்டார். மகாராஜன் கொடுக்கவில்லை.

பிள்ளைக்கு மீனலோசினி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை கொஞ்சம் தேறியதும் சங்கரேஸ்வரி அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தாள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு தொட்டில் கட்டினார்கள். செய்தி சந்தையில் பரவியது. எதிர்க்கடையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். மகாராஜன் பக்கத்தில் நின்று, பேரப்பிள்ளையின் கையைத் துணியிலிருந்து எடுத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார்.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின காலை. குருவிகுளத்து விவசாயி ஒருவர் முதல் கூடையை இறக்கினார். தொட்டிலைப் பார்த்தார், பிறகு ஆனந்த்சங்கரைப் பார்த்தார். மகனுக்கு இல்லாதது பேத்திக்கு எப்படி வந்தது என்று கேட்டார். மகாராஜன் முப்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்.

“ஒரு தலைமுறை தாண்டி வந்திருக்கு வே. எங்க வீட்டுப் பூனைக்கண் ரெண்டு தலைமுறை தாண்டி வரலியா, அது மாதிரி.”

மல்லிகையைக் கையில் எடுத்து மொட்டின் பதம் பார்த்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி நிமிர்ந்தாள். இடது கையை விரித்து, சுண்டுவிரலின் அடியில் இருந்த தடிப்பை விவசாயியின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

“எங்கயும் தாண்டல அண்ணாச்சி. இங்கன வந்து நின்னுட்டுத்தான் அங்கன போயிருக்கு. எங்க அப்பாதான் நிக்க விடல.”

விவசாயி அந்தத் தடிப்பைக் குனிந்து பார்த்தார். மகாராஜனின் குட்டிவிரலைப் பார்த்தார். மறுபடி தடிப்பைப் பார்த்தார். பிறகு, அதுதான் வேர் இருக்கிறதே, போதும் தாயி என்று சொல்லிக் கூடையை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

அவள் உடனே கைவைக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். மகாராஜன் நடுங்குகிற கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு அடி நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டாள். ஒரு பூக்கூடக் கீழே சிந்தவில்லை.

அன்று மல்லிகைக்கு நல்ல விலை. ஆறுவிரல் கடையில் அப்படி ஒரு போணியை இதுவரை பார்த்ததில்லை என்று அந்த விவசாயி சந்தை முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். மற்ற எல்லாக் கடைகளிலும் அன்று அதே விலைதான். விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் யாரும் கேட்கவில்லை.